5ஜிக்குக் காத்திருப்பதா, கம்பி இழுப்பதா? ஆற்றங்கரை ஊரிலிருந்து ஒரு கணக்கு

திருநெல்வேலிக்கு மேற்கே, சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மெயின் ரோட்டில் ஜெராக்ஸ், பட்டா, சிட்டா, ரயில் டிக்கெட், பரீட்சை விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, "ஓடிபி வந்துட்டா?" அதற்கு அடுத்தது, "நம்ம ஊருக்கு 5ஜி எப்ப வருமாம்?"

இரண்டாவதுக்கு நான் ரொம்ப நாளாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன்: "அடுத்த மாசம் வந்துருமாம்னு சொல்லுதாங்க அண்ணாச்சி." நாட்டில் 5ஜியைத் தொடங்கி வைத்தது 2022 அக்டோபர் 1. எங்கள் பக்கம் பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவ ஆயத்தமாகும் நேரம் அது. அதற்கப்புறம் மூன்று பிசானம் அறுத்தாயிற்று. இன்றைக்கும் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் போய் நின்றால் போனின் மூலையில் 5ஜி என்று வரும். பேட்டை தாண்டி பஸ் மேற்கே வர வர அது விட்டு விட்டு எரியும். வீட்டுப் படி ஏறும்போது 4ஜிதான். வாசல் பக்கத் தார்சாவில் இரண்டு புள்ளி, உள்கூடமான பட்டாசலுக்குள் போனால் ஒன்று.

காத்திருப்பதா, வேறு கம்பெனிக்கு மாறுவதா, வீட்டுக்கு ஃபைபர் இணையக் கம்பி இழுப்பதா என்று ஒரு வருஷம் மாற்றி மாற்றிப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த கணக்கு இது. முதலில், நமக்கு எது இல்லை என்று பார்த்துவிட வேண்டும். நான் அதைப் பார்க்காமலே ஆறு மாசம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் நின்று போனைப் பாருங்கள். சிக்னல் முழுசாக இருக்கும். ஒரு போட்டோ போகாது. டவரின் வாசல் திறந்துதான் இருக்கிறது, உள்ளே நிற்க இடமில்லை. காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனால் நிலைமை வேறு. மலையும் காடும் மறைப்பதால் வாசலே தூரம். இரண்டையும் நாம் "நெட்டு ஸ்லோ" என்றே சொல்லுகிறோம்.

சோதிக்கச் செலவில்லை. விடியற்காலை 5 மணிக்கு ஒரு தடவை, ராத்திரி 8 மணிக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில் நின்று வேகம் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீட் செயலி போதும். காலையில் பறந்து ராத்திரியில் படுத்தால் நெரிசல். இரண்டு வேளையும் படுத்து, சிக்னலும் குறைவாக இருந்தால் தூரமோ சுவரோ காரணம். சிக்னல் முழுசாக இருந்து, ஊர் தூங்கும் நேரத்திலும் நகரவில்லை என்றால், பெரும்பாலும் டவருக்கு வரும் இணைப்பே ஒல்லி. என் கதை முதல் ரகமும் இரண்டாம் ரகமும் கலந்தது. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், காலை 5 மணிக்கு 20 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வரும். கடைக்குள் ராத்திரி 8 மணிக்கு 2 வந்தால் அதிர்ஷ்டம்.

காத்திருந்தால் என்ன கிடைக்கும்

5ஜி என்று ஒரே பெயர் சொன்னாலும் வந்து சேருவது ஒரே சரக்கு இல்லை. 3300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் வருவதுதான் விளம்பரத்தில் காட்டும் வேகம். ஆனால் அது தூரம் போகாது. கான்கிரீட் சுவர், தென்னந்தோப்பு, நனைந்த வாழை இலை எல்லாமே அதற்குத் தடைதான். 700 மெகாஹெர்ட்ஸ் நேர் எதிர். நெடுந்தூரம் போகும், சுவரைத் தாண்டி உள்ளே வரும், ஆனால் அகலம் குறைவு. 2022 ஏலத்தில் அதை வாங்கிய ஒரே கம்பெனி ஜியோ. போக 10, வர 10 மெகாஹெர்ட்ஸ் என்ற அளவில். ஆகவே கிராமத்தில் 5ஜி என்ற எழுத்து வந்துவிட்டால் டவுன் வேகமும் கூடவே வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். நாலுவழிச் சாலை என்று பெயர் இருந்தாலும் நம் ஊருக்குள் அது ஒருவழிதான்.

ஏர்டெல்லின் 5ஜி தொடங்கியது 4ஜியின் மேல் ஏறி நிற்கும் முறையில். அடியில் 4ஜி நடுங்கினால் மேலே இருப்பதும் நடுங்கும். ஜியோ தொடக்கத்திலிருந்தே 5ஜியைத் தனியாக நிற்க வைத்தது. அதற்குப் போனும் ஒத்து வர வேண்டும். இதைத் தெரியாமல், ஊருக்கு வரப்போகிறது என்ற நம்பிக்கையில் போன தீபாவளிக்கே 5ஜி போன் வாங்கிவிட்ட என் மச்சினனைப் போல ஊருக்கு நாலு பேர் உண்டு. வாங்கத்தான் வேண்டும் என்றால் 700-க்கான என்28, 3300-க்கான என்78 என்ற இரண்டு பட்டைகளும் இருக்கிறதா என்று விவரக்குறிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு சின்ன எழுத்தும் இருக்கிறது. 2024 ஜூலையில் கட்டணம் ஏற்றியபோது, அளவில்லா 5ஜி என்பதை நாளுக்கு 2 ஜிபி, அதற்கு மேற்பட்ட திட்டங்களோடு முடிச்சுப் போட்டார்கள். ஒன்றரை ஜிபி திட்டத்தில் காத்திருப்பவருக்கு 5ஜி வந்தாலும் பழைய கணக்குதான்.

இத்தனைக்கும் காத்திருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 5ஜி வந்து பாதிப் பேர் அங்கே ஏறிவிட்டால், 4ஜியில் நிற்பவருக்கும் காற்று வரும். நெரிசல்தான் உங்கள் நோய் என்றால் இதுவே மருந்து. எப்போது என்பதுதான் யாருக்கும் தெரியாது. டவரில் பெட்டியை மாட்டுவது பெரிய காரியமில்லை. அந்தப் பெட்டிக்குத் தீனி போட ஃபைபர் வேண்டும், இல்லையென்றால் அகலமான மைக்ரோவேவ் இணைப்பாவது வேண்டும். அதனால் டவர் உச்சியை அண்ணாந்து பார்ப்பதைவிட அடிவாரத்தைப் பார்ப்பது மேல். ரோட்டோரம் குழி தோண்டி, டவரை நோக்கிக் குழாய் புதைத்தால் நம்பிக்கை வைக்கலாம். அரசின் தரங் சஞ்சார் தளத்தில் நம் பக்கத்து டவர் எந்தக் கம்பெனியுடையது, அதில் என்ன ஓடுகிறது என்று பார்க்க முடியும். கம்பெனிகளும் தங்கள் சிக்னல் எட்டும் வரைபடத்தை இணையத்தில் போட்டாக வேண்டும் என்று டிராய் விதி வைத்திருக்கிறது. வரைபடத்தில் எங்கள் ஊர் முழுக்க வண்ணம் பூசித்தான் இருக்கிறது. அந்த வண்ணம் வெட்டவெளிக்கு, பட்டாசலுக்கு இல்லை.

கம்பெனி மாறினால்

இதுதான் மலிவான வழி, அவசரப்பட்டு எல்லாரும் கெடுத்துக்கொள்வதும் இதுவே. 1900 என்ற எண்ணுக்கு போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, நம் நம்பரைப் போட்டு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நாலு நாள்தான் செல்லும். நம் மாநிலத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் மாறிவிடும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடித்திருக்க வேண்டும். போன உடனே பிடிக்கவில்லை என்றாலும் இன்னொரு 90 நாள் அங்கேதான். பழைய ரீசார்ஜில் மிச்சமிருக்கும் நாளும் காசும் கூட வராது. நான் ஒரு வருஷ ரீசார்ஜ் போட்ட இரண்டாம் மாசம் மாறினேன். என் வீட்டம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

மாறிய கம்பெனியில் தெருவில் நன்றாக இருந்தது. கடைக்குள் முன்னைவிட மோசம். காரணம் எளிது: அவர்கள் டவர் ஆற்றுக்கு அக்கரையில், என் கடையின் கான்கிரீட் பின்சுவருக்கு நேர் பின்னால். மாறுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் ஒருவரை ராத்திரி 8 மணிக்குக் கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். பன்னிரண்டு ரூபாய் மிச்சம் பிடித்து வருஷ ரீசார்ஜை விட்டவன் நான்.

இப்போது யார் கேட்டாலும் மாறாதீர்கள், சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். போனில் இரண்டு சிம் போட இடம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கட்டும். பிஎஸ்என்எல்லை இந்த இடத்தில் ஒதுக்கிவிட வேண்டாம். 2025 செப்டம்பர் 27 அன்று அவர்களுடைய 4ஜியை ஒடிசாவின் ஜார்சுகுடாவிலிருந்து தொடங்கி வைத்தார்கள், 92,600-க்கும் அதிகமான இடங்களில். டிசிஎஸ், தேஜஸ் கம்பெனிகளும் அரசின் சி-டாட் ஆய்வு மையமும் சேர்ந்து உள்நாட்டிலேயே செய்த சாதனம். பிற்பாடு 5ஜிக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். அதில் 700 மெகாஹெர்ட்ஸும் உண்டு என்பதால் மலையடிவார ஊர்களுக்கு ஒத்துப்போகக்கூடிய சரக்கு. பெரிய படம் இறக்க என்று வாங்கினால் ஏமாறுவீர்கள். ஓடிபிக்கும், ஜிபேக்கும், கரண்டு இல்லாத நேரத்துக்கும் என்றால் வைத்துக்கொள்ளலாம்.

சிக்னலை இழுத்துக் கொடுக்கும் பூஸ்டர் பெட்டி என்று ஆன்லைனில் விற்கிறார்களே, அது வேண்டாம். அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே நம் நாட்டில் சட்டப்படி குற்றம். ஒரு வீட்டில் மாட்டினால் தெருவுக்கே அலை கெடும்.

கம்பி

நான் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் இது. ஊர்க் கேபிள்காரர் ஃபைபரும் கொடுக்கிறார். பிஎஸ்என்எல்லும் பல ஊர்களில் உள்ளூர்க் கூட்டாளி மூலம் கொடுக்கிறது. மாசம் நானூறு, ஐநூறு ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் வரி. வேகம் 30 எம்பிபிஎஸ் என்று சொன்னால் ராத்திரி 8 மணிக்கும் கிட்டத்தட்ட 30 வருகிறது. வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது மேலே அனுப்பும் பக்கம். விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் ஏற்றும்போது 4ஜியில் தொண்ணூறு சதவீதத்தில் நின்று, தளம் வெளியே தள்ளிவிடும். மறுபடி ஓடிபி, மறுபடி காத்திருப்பு. கம்பி வந்த பிறகு அந்தக் கூத்து நின்றது.

எதிர்பாராமல் கிடைத்தது வைஃபை வழிப் பேச்சு. ஜியோவும் ஏர்டெல்லும் இதைச் சில வருஷமாகவே தருகின்றன. செட்டிங்ஸில் ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டால், பட்டாசலில் ஒரு புள்ளிகூட இல்லாவிட்டாலும் போன் அடிக்கும், பேசலாம். 5ஜி வந்தால் வீட்டுக்குள் சிக்னல் வரும் என்று எதற்காகக் காத்திருந்தேனோ, அதில் பாதியைக் கம்பி கொடுத்துவிட்டது. போனும் அதை ஏற்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

குறை இல்லாமல் இல்லை. கரண்டு போனால் மோடம் செத்துவிடும். கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது, வீட்டில் ரவுட்டருக்கென்று குட்டி யுபிஎஸ் வாங்கினேன். கம்பி மின்கம்பத்திலும் தென்னை மரத்திலும் தொங்கி வருகிறது. ஒரு காய்ந்த மட்டை விழுந்தால் போதும். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் இருப்பவர்கள் குரங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கே கேள்வி கம்பெனி எது என்பதைவிட, அறுந்தால் ஏணியோடு வருகிற ஆள் யார் என்பது. எங்கள் கேபிள்காரர் உள்ளூர்; சாயங்காலம் சொன்னால் மறுநாள் வெள்ளன வந்துவிடுவார். அந்த ஆள் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இந்தப் பத்தி முழுவதையும் மாற்றி எழுதியிருப்பேன்.

ஏர்ஃபைபரைப் பற்றிக் கேட்கிறார்கள். தட்டட்டியில் பெட்டி மாட்டி 5ஜி அலையை வாங்கி வீட்டுக்குள் வைஃபையாகத் தருவது. கம்பி வராத தோட்டத்து வீட்டுக்கு நல்ல யோசனை. ஆனால் அது 5ஜியின் தம்பி. அண்ணன் வராத ஊருக்குத் தம்பி வரமாட்டான்.

2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் மழை கொட்டித் தாமிரபரணி பெருகியபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்றார்களே, அப்போது கரண்டு போய், டவர் பேட்டரி தீர்ந்து, கம்பியும் போயிற்று. அந்த மாதிரி நாளுக்கு மேலே சொன்ன எதுவும் விடை இல்லை.

அதனால் கேட்பவரைப் பார்த்துப் பதில் சொல்கிறேன். வயலும் வீடுமாக இருந்து, பேசவும் காசு அனுப்பவும் மட்டும் போன் வைத்திருப்பவர் 5ஜிக்காக ஒரு பைசாவும் போட வேண்டாம். இரண்டாவது சிம் போதும். பிள்ளை பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்த்தால் இன்றைக்கே கம்பி, கூடவே இரண்டாவது சிம். வாடகை வீட்டிலிருக்கும், நாளெல்லாம் பஸ்ஸில் திரியும் விற்பனைப் பையனுக்குக் கம்பி எதற்கு? அவன்தான் உண்மையில் 5ஜிக்குக் காத்திருக்க வேண்டியவன்.

போன வாரம் ஒரு ஆச்சி முதியோர் பென்ஷன் விஷயமாக வந்திருந்தாள். கம்பியில் தளம் உடனே திறந்தது. ஓடிபி மட்டும் வரவில்லை. அவள் போன் சின்ன பட்டன் போன், வைஃபை ஏது. எழுந்து ரோட்டுக்குப் போய்க் கையைத் தூக்கி நின்றாள். "ஏ மக்ளே, இந்தா நாலு தந்தி வந்துட்டு, எது ஒன்னோடது?"

அவளை அனுப்பிவிட்டு வெளியே வந்தால் டவர்ப் பக்கம் ஜேசிபி நிற்கிறது. ரோட்டோரம் நீளக் குழி, நீலக் குழாய். நெஞ்சு அடித்துக்கொள்ள ஓடிப்போய்க் கேட்டேன்.

"தண்ணிக் குழாய் அண்ணாச்சி, கூட்டுக் குடிநீர்" என்றான் தோண்டுகிற பையன்.

திரும்பி வந்து பார்த்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு. கேபிள்காரர் மறுநாள் வெள்ளன வந்தார். அதுவரை கடை இரண்டாவது சிம்மில் ஓடிற்று.