சைல்டு லாக் பாக்கெட்: அலமாரிக்கு உதவும், பாத்ரூமுக்கு உதவாது

இணையக் கடைகளில் பாக்கெட்டாகக் கிடைக்கும் குழந்தைப் பாதுகாப்புச் சாமான்களில் முக்கியமானவை நான்கு: ஒட்டும் வார், காந்தப் பூட்டு, கைப்பிடி மூடி, கதவில் செருகும் நுரைத் துண்டு. இவற்றில் கைப்பிடி மூடியை முதலிலேயே கழித்துவிடலாம். அது உருண்டைக் குமிழுக்கு அளவெடுத்துச் செய்தது. நம் கதவுகளில் பெரும்பாலும் நீளக் கைப்பிடியும் தாழ்ப்பாளும்தான்.

ஒட்டும் வாருக்கு 5க்கு 3. பிளாஸ்டிக்கைவிட அதன் அடியில் உள்ள டேப்பைப் பார்த்து வாங்க வேண்டும். 3எம் விஎச்பி போன்ற அக்ரிலிக் டேப் என்றால் நிற்கும். மெல்லிய வெள்ளை நுரை டேப் அடுப்பங்கரை வெக்கைக்குத் தாங்காது. விஎச்பி டேப் ஒட்டிய 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்புக்கு வரும், 24 மணி நேரத்தில் 90 சதவீதம், முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம். ஒட்டிய கையோடு இழுத்துப் பார்த்துவிட்டு "மட்டமான சரக்கு" என்று திட்டுவதில் நியாயமில்லை. சன்மைக்கா, கண்ணாடி, ஃபிரிட்ஜ் கதவு ஆகியவற்றில் நன்றாகப் பிடிக்கும். பழைய எனாமல் பெயின்ட் என்றால் பெயின்ட்டோடு உரிந்து வரும். எண்ணெய்ப் பிசுக்கைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். சானிட்டைசர் ஜெல் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் படலமாகத் தங்கிவிடும்.

வாரைத் தொய்வாக ஒட்டினால் கதவு இரண்டு விரல் அளவு திறக்கும். குழந்தையின் விரல் அந்த இடுக்கில் நுழைந்து நசுங்கும். ஆகவே கதவை இறுக மூடி, வாரை விறைப்பாகப் பிடித்துத்தான் ஒட்ட வேண்டும். எடுக்கும்போது ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பை இடையில் விட்டு அறுத்தால் சன்மைக்கா தப்பும்.

காந்தப் பூட்டுக்கு 4. பூட்டு கதவின் உள்பக்கம் இருக்கும், வெளியிலிருந்து காந்தச் சாவியை வைத்துத்தான் திறக்க வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாது, குழந்தைக்குத் தோண்ட எதுவும் இல்லை. 18 மி.மீ. பிளைவுட்டும் இருபுறச் சன்மைக்காவும் சேர்ந்த கனத்தைக் காந்தச் சாவி தாண்டி இழுக்கும். ஸ்டீல் கதவில் வேலை செய்யாது. சாவிக் காந்தம் அதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். டேப்பை மட்டும் நம்பாமல் திருகாணியும் போடுங்கள்: 3.5 மி.மீ. கனம், 12 மி.மீ. நீளம். முதலில் 2 மி.மீ. பிட்டால் துளை, 10 மி.மீ.க்கு மேல் இறங்காமல் பிட்டில் டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டில் ஒரு சுற்று அதிகமானாலும் துளை தளர்ந்துவிடும். ஃபெவிகாலில் தோய்த்த பல்குச்சிகளைத் திணித்து, ஒரு நாள் கழித்துத் திருகினால் பிடிக்கும். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் இருந்தால் சாவியை அவர் மார்பிலிருந்து 15 செ.மீ.க்காவது தள்ளியே வைக்க வேண்டும்.

நுரைத் துண்டு காற்றில் கதவு அறைவதைத் தடுக்கும். பெரியவர் தோள் உயரத்தில் செருகுங்கள். கீழே இருந்தால் குழந்தை கடித்துத் தின்னும். ஆனால் விரலை மோசமாக நசுக்கும் கீல் பக்க இடைவெளிக்கு இது எதுவும் செய்யாது. அதற்கு நீளவாட்டில் மூடும் தனிப் பட்டை வேண்டும்.

இவ்வளவு வாங்கிப் பூட்டிய வீட்டிலும் குழந்தை பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளும். எந்தப் பாக்கெட்டிலும் இதற்கு மருந்து இல்லை. இடுப்பு உயரத் தாழ்ப்பாளைக் கழற்றித் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் மாட்டுவதுதான் வழி. மூன்று வயதுக் குழந்தைக்கு எட்டாது, பாட்டிக்கு எட்டும். நாலு அங்குல டவர் போல்ட்டும் (கம்பியைத் தள்ளிப் பூட்டும் தாழ்ப்பாள்) 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகளும் போதும். சாதா இரும்பு ஈரத்தில் துருப்பிடித்து, தலை தேய்ந்து, கழற்ற முடியாமல் போகும். பிவிசி கதவின் நடுப்பகுதி உள்ளீடற்றது, திருகாணி நிற்காது. ஓரச் சட்டத்தில்தான் போட வேண்டும். நிலை சிமென்ட் என்றால் 6 மி.மீ. துளையும் பிளாஸ்டிக் பிளக்கும் தேவை. முக்காலி, வாளி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஏறி நிற்கக் கற்ற குழந்தைக்கு 150 செ.மீ. ஒரு தடையே இல்லை.

செலவழிக்கத் தயார் என்றால், வெளிப்பக்கம் நாணயத்தால் திருப்பித் திறக்கும் பாத்ரூம் பூட்டு இதைவிட மேல். உருளை வடிவப் பூட்டுகள் பலவும் 35 மி.மீ.க்கு மேல் கனமான கதவுக்கானவை, 30 மி.மீ. கதவில் தொளதொளக்கும். அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி, தாழ்க்கம்பி துளையோடு உரசும். பெரியவர் பலங்கொண்டு இழுத்துத் திறந்துவிடுவார், உள்ளே மாட்டிய குழந்தையால் முடியாது. உரசும் பக்கத்தை அரத்தால் 2 மி.மீ. ராவி, கம்பியில் மெழுகுவத்தி தேயுங்கள். எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து மறுபடி இறுகும்.