‘எல்லா எல்எஸ் இன்ஜினுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் இன்டேக், ஃப்யூயல் கிட்: பணம் கட்டும் முன் படியுங்கள்

அமெரிக்காவில் ஒரு 1972 ஷெவர்லே சி10 பிக்கப்பில் எல்எஸ்3 (ஜிஎம், அதாவது ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வரிசை வி8 இன்ஜின்களில் ஒன்று) ஏற்றும் வேலைக்கு, ஆன்லைன் கடை ஒன்று அனுப்பிய பெட்டியைப் பற்றிய பதிவு இது. இன்ஜின் லாங் பிளாக்காக வாங்கியது. ஹெட் வரைக்கும் வரும். இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடுவது), த்ராட்டில் பாடி (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு), இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிப்பது) தனியாக வாங்க வேண்டும். அதற்குத்தான் இந்த ‘கம்ப்ளீட் கிட்’. எல்லா எல்எஸ் இன்ஜினுக்கும் பொருந்தும் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்தாலே ஒதுங்கிவிடுங்கள்.

எல்எஸ்1, எல்எஸ்2, எல்எஸ்6 ஹெட்டுகளில் இன்டேக் போர்ட் ஒடுக்கமாக, உயரமாக, மேல்பக்கம் கூம்பியிருக்கும். கதீட்ரல் போர்ட் என்று பெயர். எல்எஸ்3-இல் அது அகலமான செவ்வகம். எல்எஸ்7-உம் செவ்வகம்தான், ஆனால் அதன் மேனிஃபோல்டு எல்எஸ்3-இல் உட்காராது. பெட்டியில் வந்தது கதீட்ரல். கேஸ்கெட்டைக் கழற்றி ஹெட்டின் மேல் வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், போகவர கூரியர் செலவு வாங்கியவர் தலையில்.

உண்மையில் கேமை (வால்வுகளைத் திறக்கும் தண்டை) மாற்றாத எல்எஸ்3-க்கு ஜிஎம்மின் சொந்த பிளாஸ்டிக் மேனிஃபோல்டும் 90 மிமீ த்ராட்டில் பாடியுமே போதும். 6,600 ஆர்பிஎம் வரை அது திணறாது. அதற்கு மேல் செலவழிப்பது பானட்டைத் திறந்து காட்டத்தான். ஒன்றில் மட்டும் கவனம்: அதன் போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதல் சுற்றில் 44, இரண்டாம் சுற்றில் 89 இன்ச்-பவுண்டு வரை முறுக்க வேண்டும். ஃபுட்-பவுண்டு என்று படித்துவிட்டு முறுக்கினால் கதை முடிந்தது.

பெரிய ஏமாற்று இன்ஜெக்டரில் இருந்தது. லேபிளில் மணிக்கு ‘42 பவுண்டு’ பெட்ரோல் என்று எழுதியிருக்கும், எந்த அழுத்தத்தில் என்று இருக்காது. ஜிஎம் தன் எல்எஸ்3 இன்ஜெக்டருக்கு 42 என்று சொல்வது 58 பிஎஸ்ஐயில், அதாவது 4 பாரில். பிற தயாரிப்பாளர்கள் பலர் 43.5 பிஎஸ்ஐயில், 3 பாரில் அளந்து எழுதுகிறார்கள். பாயும் அளவு அழுத்த விகிதத்தின் வர்க்கமூலப்படி மாறும், இங்கே அது 1.155. ஆகவே கிட்டில் வந்த ‘42’ எல்எஸ்3 ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில்) 48.5 பவுண்டு கொட்டும். இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசிஎம் 42 என்றே கணக்குப் போடுவதால் பதினைந்து சதவீதம் பெட்ரோல் கூடுதலாகப் போகும். ஐடிலில் பெட்ரோல் நாற்றம், பிளக்கில் கரி, ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (ஈசிஎம் செய்யும் பெட்ரோல் திருத்தம்) மைனஸ் பதிமூன்று, பதினான்கு சதவீதம். முழு த்ராட்டிலில் ஆக்சிஜன் சென்சாரின் திருத்தமும் கைகொடுக்காது. தப்பு எதிர்ப்பக்கம் நடந்தால், அதாவது ஈசிஎம் நினைப்பதைவிடக் குறைவாகப் பாய்ந்தால், கலவை லீனாகி (பெட்ரோல் குறைந்து) பிஸ்டனே போய்விடும்.

எவ்வளவு தேவை என்பதை நீங்களே கணக்குப் போடலாம். 480 குதிரைத்திறன் என்று வைத்து, அதை 0.5-ஆல் (ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு எரியும் பவுண்டு) பெருக்கினால் மணிக்கு 240 பவுண்டு. அதை 8 சிலிண்டராலும் 0.8 டியூட்டி சைக்கிளாலும் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) வகுத்தால் 37.5. ஜிஎம்மின் 42 போதும். இ85 (எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள்) ஊற்றுவதாக இருந்தால் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்ட வேண்டும்.

இன்ஜெக்டரின் உயரமும் கனெக்டரும் இன்னொரு தொல்லை. எல்எஸ்1-இல் உயரமான இன்ஜெக்டர், மினிடைமர் கனெக்டர். எல்எஸ்3-இல் குட்டை, யூஎஸ்கார் கனெக்டர். உயர ரெயிலில் குட்டை இன்ஜெக்டரைப் போட்டால் ஓ-ரிங் பாதிதான் உட்காரும், சூடான இன்ஜின் மேல் 58 பிஎஸ்ஐயில் பெட்ரோல் பீய்ச்சும். எட்டு அடாப்டர் ஒயரைச் சேர்த்து அனுப்பிச் சமாளிக்கப் பார்க்கும் கடைகளும் உண்டு, வாங்காதீர்கள்.

பம்ப் ‘வால்ப்ரோ 255’ (மணிக்கு 255 லிட்டர் தள்ளுவது) என்று வந்தது. வால்ப்ரோவுக்குப் போலி சந்தையில் மலிந்து கிடக்கிறது. டப்பாவையும் ஸ்டிக்கரையும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு 1999 முதல் 2003 வரையான கார்வெட் காரின் ஃபில்டர்-ரெகுலேட்டர் (வடிகட்டியும் அழுத்தக் கட்டுப்பாடும் ஒன்றானது) உதவும், அது 58 பிஎஸ்ஐக்கு அமைந்தது. ஒரு வரவு, ரெயிலுக்கு ஒரு போக்கு, டேங்குக்கு ஒரு ரிட்டர்ன் உண்டு. இன்ஜின் ஓடாதபோது பம்ப் தள்ளுவது முழுக்க ரிட்டர்னில்தான் வரும். அந்தக் குழாயைத் திறந்தவெளியில், பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு, அளவு ஜாடியில் விட்டு பம்பை 30 வினாடி ஓட்டுங்கள். 480 குதிரைத்திறனுக்கு மணிக்கு 147 லிட்டர் வேண்டும், அதாவது 30 வினாடியில் 1.23 லிட்டர். 1.5 லிட்டராவது வந்தால்தான் நிம்மதி. குறைந்தால் உடனே பம்பைத் திட்டாதீர்கள். ஓடும்போது பம்ப் முனையில் வோல்ட்டேஜ் பாருங்கள். பேட்டரியில் 13.5 இருந்து பம்பில் 11.5 என்றால் குற்றம் மெல்லிய ஒயரிலோ எர்த்திலோ. ரிலே வழியாக 10 கேஜ் ஒயர் போட்டு மறுபடி அளக்க வேண்டும்.

ஹோஸ் விஷயத்தில் சி10-காரர்கள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும், 1972 வரை அந்த வண்டியில் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கிட்டில் வந்த ரப்பர் ஹோஸில் ‘30ஆர்7’ என்று அச்சடித்திருந்தது. அது 50 பிஎஸ்ஐக்கான கார்புரேட்டர் ஹோஸ். இன்ஜெக்ஷனுக்கு 30ஆர்9, டேங்குக்குள் முழுகிக் கிடக்கும் துண்டுக்கு 30ஆர்10. பின்னல் போட்ட பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஹோஸ் வாங்கினால் அதற்கு உள்ளே பித்தளை ஆலிவ் (ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் வளையம்) உள்ள தனி ஃபிட்டிங் வேண்டும். ரப்பர் ஹோஸின் ஃபிட்டிங்கை மாட்டினால் அழுத்தத்தில் கழன்று வரும். ஏஎன் வகை ஃபிட்டிங்கின் ஃப்ளேர் (கூம்பு முனை) 37 டிகிரி, ஹார்ட்வேர் கடைப் பித்தளை ஃப்ளேர் 45. இரண்டும் கையால் திருகும்போது ஒட்டியதுபோல் காட்டும்.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்கு (உள்ளே போகும் காற்றை அளப்பது) ஜிஎம் சொல்வது 4 அங்குல விட்டமும் 6 அங்குல நீளமும் உள்ள நேர்க்குழாய், அதன் நடுவில் சென்சார், த்ராட்டில் பாடியிலிருந்து குறைந்தது 10 அங்குலம் தள்ளி. கிட்டில் இருந்த குழாய் 3.5 அங்குலம், வளைவிலேயே சென்சார் துளை.

புகார் செய்தபோது கடை சொன்ன பதில்: எலக்ட்ரிக்கல் பாகம் திரும்ப எடுப்பதில்லை, மற்றதற்கு 25 சதவீதம் பிடித்தம். கார்டில் கட்டியிருந்ததாலும், ‘எல்எஸ்3-க்கு’ என்று இன்வாய்ஸில் எழுதி வாங்கியிருந்ததாலும் வங்கி வழியாக இன்ஜெக்டர், பம்ப் இரண்டின் பணம் திரும்பியது. ஹோஸை வெட்டிவிட்டபடியால் அது போனது போனதுதான். வாங்குகிறவர்கள் போர்ட் வகை, இன்ஜெக்டர் எந்த அழுத்தத்தில் எவ்வளவு, உயரம், கனெக்டர், டெட் டைம் (மின்சாரம் வந்தபின் இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதம்) அட்டவணை ஆகியவற்றை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். பெட்டியைத் திறக்கும்போதே ஒவ்வொரு பாக எண்ணையும் படம் எடுத்துவிடுங்கள், ஒரு போல்டைத் தொடும் முன்பே.