போர்க்காலக் கேலிச்சித்திரங்களை அச்சிட திருமலையில் ஒரு பிரேம் கடை

திருகோணமலை நகருக்குள் ஸ்கேன், ஏ3 அச்சு, பிரேம் மூன்றையும் ஒரே இடத்தில் செய்து தரும் சிறிய கடை இது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியதை ஒட்டிய ஒரு பாடசாலைக் கண்காட்சிக்காக, இரு உலகப் போர்களின் கேலிச்சித்திரங்களை இங்கே கொடுத்தோம். பிரேம் வேலைக்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். ஸ்கேன் வேலையைப் பக்கத்தில் நின்று செய்விக்க வேண்டும்.

இந்தப் படங்களில் வசனம் சிரிக்க வைக்கும். சிப்பாயின் பயமும் களைப்பும் கோட்டிலும் கறுப்பிலும் இருக்கும். அச்சு பிசகினால் சிரிப்பு மட்டுமே மிஞ்சும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்துகொண்டே பில் மோல்டின் வரைந்த வில்லி, ஜோ என்ற இரு சிப்பாய்களை எடுங்கள். மோல்டின் 1943இல் இத்தாலியில் மோட்டார் குண்டில் காயம்பட்டவர். அவருடைய காலாட்படையினருக்குச் சவரம் செய்யாத முகம், கூனிய தோள், நித்திரை காணாத கண். இந்த அழுக்குக் கோலத்துக்காகத்தான் அமெரிக்கத் தளபதி ஜெனரல் பாட்டன் 1945இல் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். புலிட்சர் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில். அந்தக் கண்கள் தூரிகையின் தடித்த கறுப்பில் ஆனவை. கடையில் வழக்கமாகப் போடும் ‘ஓட்டோ’ அமைப்பில் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுத்தால், இமைக் கோடும் அதன் கீழ் நிழலும் ஒட்டி ஒரே கறையாகிவிடும். களைத்த மனிதன் வெறும் முரடனாகத் தெரிவான். ஓட்டோவை நிறுத்தி, கிரேஸ்கேலில் (சாம்பல் நிறத் தரங்களில்) 600 டிபிஐ வைத்து, கறுப்பைக் கையால் சரிசெய்யச் சொல்லுங்கள்.

முதல் உலகப் போரில் பிரித்தானியப் படை அதிகாரியாக இருந்து வரைந்த புரூஸ் பெயன்ஸ்பாதரின் படங்களில் சிக்கல் வேறு. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் சண்டையில் பக்கத்தில் ஷெல் வெடித்து, அந்த அதிர்ச்சியோடு வைத்தியசாலைக்குப் போனவர் அவர். அவ்வாண்டின் கடைசியில் வந்த அவரது பேர்பெற்ற படத்தில் இரண்டு பேர் ஷெல் குழிக்குள் ஒடுங்கியிருக்கிறார்கள். சுற்றிவர வெடிப்பு. இதைவிட நல்ல குழி தெரிந்தால் அங்கே போ என்கிறான் ஒருவன். பங்கருக்குள் இரவைக் கழித்த ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தப் படத்தின் சாம்பல் நிறம் பழைய சஞ்சிகையில் நுண்புள்ளிகளாக அச்சானது. அப்படியே ஸ்கேன் செய்து சிறிதாக்கினால் புள்ளிகள் பிக்சல்களோடு மோதி, வானம் முழுக்கக் கட்டம் கட்டமாக அலை விழும். முதலில் அச்சுப் புள்ளிகளைக் கரைக்கும் டீஸ்கிரீன் தெரிவைப் போட வேண்டும், 600இல் எடுக்க வேண்டும், அதற்குப் பிறகே அளவைக் குறைக்க வேண்டும். கேட்டால் பொறுமையாகச் செய்கிறார்கள், கேட்காவிட்டால் செய்வதில்லை. படத்தின் கீழுள்ள வசன வரியை, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்குள் மறைத்துவிடும் பழக்கமும் இருக்கிறது. வசனம் போனால் பாதிப் படம் போனது மாதிரி. வெட்டுமுன் பென்சிலால் எல்லை குறித்துக் கொடுங்கள்.

தாள் 200 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 200 கிராம்) மெட், அதாவது பளபளப்பில்லாதது. பளபளப்பான குளோசியில் கறுப்பு ஆழமாக விழும்தான், ஆனால் மண்டப விளக்கு பளிச்சிட்டு முகமே தெரியாது. லெமினேட் வேண்டாம், நமது கடற்கரை ஈரப்பதனில் ஓரம் பிரிந்து குமிழி எழும்பும். சாதாரண டை மை வெயிலில் வெளிறும். எளிதில் வெளிறாத பிக்மென்ட் மை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் யன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

பிரேம் வேலை உண்மையிலேயே நல்லது. மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி விடுகிறார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஈரத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது படம் கிழியும். பின்பக்க ஹாட்போட் தாளைப் பழுப்பாக்காமல் நடுவே அமிலமற்ற தாள் ஒன்று. விளிம்பு முழுக்க டேப். கொக்கியும் பித்தளை, உப்புக்காற்றில் இரும்புக் கொக்கி துருவேறி நிற்காது.

விற்பனைக்கு அச்சிடக் கேட்டால் மறுக்கிறார்கள். அது சரியான முடிவு: மோல்டின் இறந்தது 2003இல், பெயன்ஸ்பாதர் 1959இல், இலங்கைச் சட்டப்படி வரைந்தவர் இறந்து 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும்.