கடற்கரை வீட்டுக்கு எந்த ரைட்டர்: கேபினட்டுக்குள் பொருத்துவதா, வெளியே செருகுவதா?

வீட்டுக் கணினிக்குச் சிடி ரைட்டர் வேண்டும் என்று கடையில் கேட்டால் இப்போது எடுத்துத் தருவது, சிடி, டிவிடி இரண்டிலும் பதியும் டிவிடி ரைட்டரைத்தான். கேபினட்டுக்குள் திருகி முடுக்கி, சாட்டா என்னும் உள் கேபிளில் இணைக்கும் உள்வகை ஒன்று, யுஎஸ்பி கேபிளில் செருகிக்கொள்ளும் ஒல்லியான வெளிவகை இன்னொன்று. இவற்றை வேகத்தை வைத்து ஒப்பிடுவதே வழக்கம் என்றாலும், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், இராமேஸ்வரம் என்று நீளும் நம் கரையில் உப்புக்காற்றையும் மின்சாரத்தையும் வைத்து ஒப்பிடுவதே பொருந்தும் என்பது என் கருத்து.

வேகத்தைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். அந்தந்த வட்டின் அடிப்படை வேகத்தைப் போல் உள்வகை ரைட்டர், டிவிடியில் 24 மடங்கு, சிடியில் 48 மடங்கு வேகம் காட்டும். வெளிவகை பெரும்பாலும் டிவிடியில் 8, சிடியில் 24 மடங்கோடு நின்றுவிடும். ஆனால் கடைகளில் கிடைக்கும் வெற்று டிவிடிகள் பெரும்பாலும் 16 மடங்குக்கு மேல் உத்தரவாதம் தராதவை. அந்த உச்ச வேகமும் வட்டின் வெளி விளிம்பை எட்டும்போதுதான் கிடைக்கும். ஆகவே 4.7 ஜிபி வட்டு ஒன்றை நிரப்ப உள்வகைக்குச் சுமார் ஆறு நிமிடமும் வெளிவகைக்கு ஒன்பது, பத்து நிமிடமும் ஆகின்றன. எப்போதாவது ஒரு வட்டு பதியும் வீட்டில் இந்த வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்தப்போவதில்லை.

காற்றின் கதை வேறு. கேபினட்டின் பின்புற மின்விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளத் தள்ள, ஈடு செய்யும் காற்று கிடைக்கிற இடுக்கில் எல்லாம் நுழைகிறது. ரைட்டரின் தட்டைச் சுற்றியுள்ள இடைவெளியும் அவற்றில் ஒன்று. ஆனி, ஆடிக் காற்றில் பறக்கும் பொடிமணலும் உப்பின் ஈரமும் அவ்வழியே போய் லேசர் லென்சில் மங்கலாகப் படிகின்றன. அதன்பின் வட்டைப் படிக்கத் திணறுவதும், பதிவு பாதியில் பிழை காட்டி நிற்பதும் தொடங்கும். உள்வகையில் லென்ஸ் உள்ளேயே இருந்துவிடுவதால், துடைக்க வேண்டுமானால் முழுவதையும் கழற்றியாக வேண்டும். ஒல்லி வகையிலோ தட்டு வெளிவரும்போது லென்சும் கூடவே வந்துவிடும். பஞ்சுக்குச்சியால் மெல்ல ஒற்றி எடுத்துவிடலாம். (அவ்வளவு திறந்து கிடப்பதால் சிறுபிள்ளைகளின் விரல் படும் ஆபத்தும் உண்டு.) எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்ததும் அதைக் கழற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் போட்டுவிடலாம். பாம்பன் பாலத்து இரும்பையே அரிக்கும் காற்றுக்கு இதைவிட எளிய தடுப்பு எனக்குத் தெரியவில்லை.

வெளிவகையின் பலவீனம் மின்சாரம். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர். பதியும் நேரத்தில் சில ரைட்டர்கள் அதற்கு மேலும் இழுக்கும். முன்பக்கத் துளையில் செருகினால் தட்டு திறப்பதும் படிப்பதும் ஒழுங்காக நடந்து, பதியத் தொடங்கியதும் துண்டித்துக்கொள்வது இதனால்தான். பின்பக்கத் துளையில், முடிந்தால் 900 மில்லி ஆம்பியர் தரும் யுஎஸ்பி 3.0 துளையில், குட்டையான கேபிளால் இணைப்பது நல்லது. கணினியிலிருந்து தரவு வரத் தாமதமானாலும் வட்டைக் காப்பாற்றும் ஏற்பாடு இரண்டு வகையிலும் உண்டு. மின்வெட்டுக்கு அது உதவாது. ஒருமுறை மட்டுமே பதியக்கூடிய டிவிடி-ஆர் வட்டு பாதியில் நின்றால் குப்பைக்குத்தான் போகும். மேசைக் கணினிக்கு யுபிஎஸ் இல்லாத வீட்டில், வெளிவகையை மடிக்கணினியில் செருகி அதன் பேட்டரியை நம்பிப் பதிவது ஒரு வசதி.

கல்யாண வீடியோவையோ கோயில் திருவிழாப் பதிவையோ சொந்தக்காரர்களுக்கெல்லாம் படி எடுத்துத் தருபவர் உள்வகையையே வாங்கட்டும். அதற்கு மின்சாரம் கேபினட்டுக்குள் இருக்கும் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக வருகிறது. அடுத்தடுத்துப் பதிவதையும் நன்றாகத் தாங்கும். வாங்குமுன் கேபினட்டில் ஐந்தேகால் அங்குல இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய கேபினட்டுகள் பலவற்றில் அது இல்லை.

புளூரே ரைட்டரை வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வட்டில் 25 ஜிபி கொள்ளும் என்பது உண்மை. ஆனால் கருவியும் வட்டும் விலை கூடியவை. பதியும் புளூரே வட்டுகளின் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

எந்த ரைட்டரை வாங்கினாலும், சேமித்து வைக்க வேண்டியதைச் சிடியில் பதிய வேண்டாம். சிடியின் வெள்ளிப் பூச்சு மேல்புறத்தில் மெல்லிய அரக்குக்கு அடியிலேயே இருக்கிறது. அதில் கீறல் விழுந்தால் ஈரம் புகுந்துவிடும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஊசித்துளைகள் தெரியும். டிவிடியில் அந்தப் பூச்சு 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டுக்கு நடுவே இருப்பதால், 700 எம்பிக்குள் அடங்கும் குடும்பப் படங்களையும் டிவிடியிலேயே பதிந்து, பழைய கார் ஸ்டீரியோவில் போடும் பாட்டுக்கு மட்டும் சிடியை வைத்துக்கொள்ளலாம்.