மூன்று மழைக்காலம் பார்த்த தூண்டில் கம்பு

கோத்தகிரியிலிருந்து சின்னம்மா மகன் போன் பண்ணினான். "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற அதே கார்பன் கம்பு இப்ப 1,600 ரூபாய்க்கு வந்திருக்கு. வாங்கட்டுமா?" நான் வாங்கும்போது 2,400. அவன் கேட்ட நேரம்தான் சரியில்லை. அதற்கு முந்தின நாள்தான் கோயம்புத்தூர் போய் 450 ரூபாய் கொடுத்து மூன்றாவது கணுவை மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். அப்போது அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

பதினைந்தடி, ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் ஏழு கணு, ரீல் கிடையாது. நுனியில் இருக்கும் கயிற்றில் தூண்டில் நரம்பை முடிந்தால் வேலை ஆரம்பம். நரம்பு கம்பை விட இரண்டடி குறைவாக இருக்கட்டும். நம்ம புன்னம்புழா ஆற்றில் மேலே கிளைகள் கவிந்திருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். புன்னம்புழாவில் தண்ணீர் பாறைக்குப் பாறை மோதி ஓடுகிறது. ரீல் தூண்டிலை வீசினால் நடுவில் கிடக்கும் நரம்பை ஓட்டம் வளைத்து இழுத்துக்கொண்டு போய்விடும், இரை நிற்காது. இந்தக் கம்பில் நரம்பு தண்ணீர்மேல் கிடக்க வேண்டியதில்லை. நுனியை உயர்த்திப் பிடித்து, பாறைக்குப் பின்னால் நுரை சுற்றும் அந்த முழ அகல இடத்தில் மண்புழுவை இறக்கி, அங்கேயே நிறுத்தலாம். தக்கை அசைவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். கெண்டை என்றால் தட்டித் தட்டிப் பார்க்கும். கெளுத்தி நிதானமாக இழுக்கும். ஆரால் என்றால் கல்லுக்கடியில் போய் இறுக்கிக்கொள்ளும். அப்பா மூங்கில் கம்பில்தான் மீன் பிடித்தார். இலங்கையில் மகாவலி ஆற்றில் பழகிய கை. மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவர் கையில் தூண்டில் நிற்கவில்லை. ஒருநாள் இந்தக் கம்பைக் கொடுத்தேன். பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பிடித்திருந்துவிட்டு, "தங்கூசுல நேரா கையை வச்ச மாதிரி இருக்கு" என்றார். நரம்பை அவர் தங்கூசு என்பார்.

என் கோபமெல்லாம் கணுவும் கணுவும் சேரும் மூட்டுகள் மேல்தான்.

தேவாலா, பந்தலூர் பக்கம் 1880-களில் வெள்ளைக்காரர்கள் வெண்கல்லை உடைத்துத் தங்கம் தேடிய ஊர்கள். அந்த வெண்கல் பொடிதான் நம்ம ஆற்று மணலில் மின்னுகிறது. கம்பைக் கரையில் ஒருதரம் வைத்து எடுத்தால் போதும், ஈரத்தோடு அந்தத் தூள் மூட்டில் ஏறிவிடும். மூடும்போது நறநற என்று ஒரு சத்தம், பிறகு அசையாது. ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை எங்கள் வீட்டில் துணியே காயாது. கம்புக்குள் இருக்கும் ஈரம் எப்படிக் காயும்?

போன அக்டோபரில் ஒரு சாயங்காலம், ஆறு மூட்டில் மூன்று இறங்கவில்லை. ஒன்பதடிக் கம்போடு கடைசி பஸ்ஸுக்கு நின்றேன். "சன்னல்ல நீட்டினா யாரு கண்ணையாவது குத்திரும், இறங்குங்க" என்றார் கண்டக்டர். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நாலு கிலோமீட்டர், தேயிலைக்கு நடுவே, யானை இறங்குகிற நேரம். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுப் பக்கம் மின்கம்பி தொய்ந்து தொங்கும். கார்பனில் மின்சாரம் பாயும், மறந்துவிடாதே. கம்பி அருகிலோ இடி இடிக்கும்போதோ இதை நீட்டவே கூடாது. படுக்கைவாட்டில் இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு, சருகு சரசரத்தால்கூட நின்று நின்று நடந்தேன். வீட்டில் மனைவி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த ஆத்திரத்தில் மூட்டை முறுக்கினேன். கணு நீளவாக்கில் விரிசல் விட்டுவிட்டது.

முறுக்கியது என் தப்பு. மூட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நெருக்கிப் பிடித்து நேராக அமுக்க வேண்டும். நீட்டும்போது நுனியிலிருந்து, மூடும்போது அடியிலிருந்து. வீட்டுக்கு வந்ததும் அடிமூடியைத் திருகிக் கழற்றி, கணுக்களைத் தனித்தனியாக உருவித் துடைத்து, அடுப்படிச் சுவரில் சாத்தி வைக்க வேண்டும். இதெல்லாம் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கரையில் நின்று கம்பு மூடுமா மூடாதா என்று பயந்துகொண்டு ஒருவன் எப்படி மீன் பிடிப்பான்?

நரம்பு விஷயமும் ஒன்று. கெட்டி நரம்பு போடாதே. பெரிய மீன் இழுக்கும்போது முதலில் அறுவது நரம்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனிக்கணு போகும். கம்பை நிமிர்த்தியே பிடி. மீனுக்கு நேராக நீட்டினால் வளைவு போய்விடும், பாரமெல்லாம் நரம்பில் விழும்.

ட்ரௌட் பிடிக்கலாமா என்று கேட்டாய். அது மேல்மலைக் குளிர்தண்ணீர் மீன், அவலாஞ்சிப் பக்கத்துக் கதை. அங்கே அனுமதி இல்லாமல் போகாதே. காட்டுக்குள் ஓடும் ஆற்றிலும் இறங்காதே.

இப்போதைக்கு வாங்க வேண்டாம் தம்பி. 1,600 ஆனாலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வா, அப்பாவின் மூங்கில் கம்பு பரண்மேல் இருக்கிறது, அதை எடுத்துக்கொள். என்னுடையதை மட்டும் கேட்காதே.