காபி ஃபில்டரில் ஹவோர்த்தியா: பழைய பாத்திரத் தொட்டிகள், சில வருஷ அனுபவம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பாத்திரம் பொறுக்கி, அதில் சக்குலன்ட் (இலையிலோ தண்டிலோ தண்ணீரைச் சேமிக்கும் சதைப்பற்றுள்ள செடி) வைப்பது சில வருஷமாக எனக்குப் பழக்கம். மேற்குப் பார்த்த பால்கனி, உப்புப் போர் தண்ணீர், சென்னை மே மாதம். இத்தனைக்கும் ஈடுகொடுத்தது எது, கொடுக்காதது எது என்று சொல்கிறேன்.

முதல் இடம் பித்தளை காபி ஃபில்டருக்கு. மேல் டப்பாவின் அடியில் ஏற்கெனவே பொடி ஓட்டைகள் இருப்பதால் டிரில்லே வேண்டாம். தண்ணீர் கீழ் டப்பாவில் வடிந்துவிடும், கொட்டிவிட வேண்டியதுதான். ஹவோர்த்தியா என்கிற சிறு சக்குலன்டின் தடித்த வேர் இறங்க ஆழமும் இருக்கிறது. ஒரே தொல்லை, போர் தண்ணீரின் உப்புப் படிந்து ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும். டிகாக்‌ஷன் இறங்காவிட்டால் அடுப்பில் காட்டுவோம். செடியோடு அது நடக்காது. அடியிலிருந்து ஊசியால் குத்திவிடுகிறேன். மண் மாற்றும்போது புளி போட்டுத் தேய்த்தால் போதும்.

இட்லித் தட்டு செடி வளர்க்க ஆழம் பற்றாது. ஆனால் கோஸ்ட் பிளான்ட் என்கிற சக்குலன்டின் உதிர்ந்த இலைகளைக் குழிக்கொன்றாகப் போட்டு முளைக்க வைக்க அதைவிடத் தோதான தட்டு கிடையாது.

ஊறுகாய் ஜாடி படத்துக்கு அழகு, செடிக்கு ஆபத்து. ஓட்டை இல்லாத ஜாடியில் "அடியில் கூழாங்கல் போட்டால் போதும்" என்பார்கள். நம்பாதீர்கள். மேலே உள்ள மண் முழுக்க ஊறிச் சொதசொதத்த பிறகே தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். அதற்குள் வேர் அழுகிவிடும். வைர முனை பிட் போட்டு, ஹேமர் மோடை நிறுத்தி, தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளைக்க வேண்டும். பொறுமை இல்லையென்றால் ஜாடியில் ஊறுகாயே போடுங்கள்.

இரும்பு வாணலி துருப்பிடித்து டைல்ஸில் வட்டக் கறை போடும். எவர்சில்வர் டம்ளர் மதிய வெயிலில் தொட முடியாமல் கொதிக்கும். ஜன்னலுக்கு உள்பக்கம்தான் அதற்கு இடம்.

பாத்திரம் எதுவானாலும் தேங்காய் நார்த்தூளைக் குறையுங்கள், ஈரத்தை விடாது. செம்மண் ஒரு பங்கு, உடைத்த செங்கல் ஜல்லி ஒரு பங்கு, எம்-சாண்ட் கொஞ்சம். எம்-சாண்டைச் சலித்துத் தூசியை எடுக்காவிட்டால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை எல்லாம் கூரைக்குக் கீழே.

செடி விஷயத்தில் என் கருத்து கறாரானது: ரோஜா மாதிரி இருக்கிறதே என்று எச்செவேரியா வாங்காதீர்கள். பல சக்குலன்ட்கள் ராத்திரியில்தான் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். ராத்திரியும் புழுங்கும் ஊரில் எச்செவேரியா திணறும். பெங்களூர்க்காரர்களுக்கு அந்தக் கவலை குறைவு. இங்கே ஹவோர்த்தியா, சான்செவேரியா, அடீனியம் போதும்.

சந்தையில் ஃபில்டர் வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டைகளைப் பாருங்கள். மூடியும், உள்ளே பொடியை அமுக்கும் குடையும் தொலைந்ததாக இருந்தால் எடைக்கே பேசி வாங்கலாம். நமக்கு அவை எதற்கு?