அனுமதி கேட்கட்டும், நேரம் பார்த்துக் கேட்கட்டும்: உலாவியில் ஏ.ஆர். பயன்படுத்திய அனுபவம்

பெங்களூரில் வீட்டு உள்ளலங்கார வேலை செய்கிறேன். ஒரு சோபாவோ அலமாரியோ அறையில் எப்படி அமையும் என்பதை வாடிக்கையாளரின் கைப்பேசியிலேயே காட்டிவிடுவது சில ஆண்டுகளாக என் வழக்கம். செயலி எதையும் நிறுவச் சொல்வதில்லை. கடையின் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், உலாவியிலேயே ஆக்மென்டட் ரியாலிட்டி (ஏ.ஆர்.) காட்சி திறந்துகொள்ளும்; கேமராவில் தெரியும் அறையிலேயே பொருளை வைத்தது போல அது காட்டும். 30க்கு 40 அடி மனையில் மூன்று குடித்தனம் கட்டும் ஊர் இது. அங்குலம் அங்குலமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். சோபாவைப் போட்டபின் பால்கனிக் கதவு முழுதாகத் திறக்குமா என்பது அளவு நாடாவில் புரியாதவர்களுக்கும் இந்தக் காட்சியில் உடனே புரிந்துவிடுகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த கருவி. அதனால்தான் காட்சிக்குக் குறுக்கே வந்து நிற்கும் அனுமதிக் கேள்விகளைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

அல்சூரில் ஒரு வீடு. புதிய அலமாரி பாட்டியின் அறைக்குத்தான் என்பதால் அவர் கையிலேயே கைப்பேசியைக் கொடுத்தேன். பக்கம் முழுதாகத் திறக்கவில்லை, அலமாரியின் படம்கூட வரவில்லை; அதற்குள் கேமராவுக்கு அனுமதி கேட்டது கடையின் தளம். பேத்தி "அனுமதி" என்பதைத் தொட்டாள். அடுத்து ஆண்ட்ராய்டு, உலாவிக்குக் கேமராவைத் தரலாமா என்று கேட்டது. அது முடிவதற்குள் இருப்பிடம் வேண்டும் என்றது தளம். பாட்டி கைப்பேசியைக் கட்டில்மேல் கவிழ்த்து வைத்துவிட்டார். "என் அறையைப் படம்பிடித்து யாருக்குக் காட்டப் போகிறீர்கள், தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அலமாரியைப் பார்க்க வந்தவரிடம், அலமாரியைக் காட்டுவதற்கு முன்பே அறையைக் காட்டச் சொன்னால் யார்தான் சம்மதிப்பார்கள்?

அவருக்குச் சரியான பதில் சொல்ல, இது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உலாவியில் ஏ.ஆர். காட்ட மூன்று வழிகள் பரவலாக இருக்கின்றன. முதல் வழியில், தளமே கேமராவின் காட்சியை நேரடியாக வாங்கி, அதன்மேல் பொருளின் உருவத்தை வரைகிறது. இங்கே அறையின் படம் உண்மையாகவே அந்தப் பக்கத்தின் நிரலுக்குப் போகிறது. பாட்டியின் சந்தேகம் இதற்கு முழுக்கப் பொருந்தும்.

இரண்டாவது வழி வெப்எக்ஸ்ஆர், அதாவது ஏ.ஆர். போன்ற காட்சிகளுக்காக உலாவிக்குள்ளேயே இருக்கும் வசதி. ஆண்ட்ராய்டு குரோமில் இதன் ஏ.ஆர். பகுதி 2020இல் 81ஆம் பதிப்போடு வந்தது. தளம் தனியாகக் கேமரா அனுமதி கேட்டு வாங்கினால் ஒழிய, கேமராவின் படம் தளத்துக்குப் போவதில்லை. தரை எங்கே இருக்கிறது, கைப்பேசி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது போன்ற விவரங்களே போகின்றன. ஆனால் இதற்கும் ஒரு கேள்வி உண்டு. சுற்றுப்புறத்தை முப்பரிமாண வரைபடமாக்கவும் கேமராவின் இருப்பைத் தொடரவும் அனுமதி கேட்கிறார்கள் என்ற பொருளில் அது வந்ததைப் பார்த்திருக்கிறேன். குறைவாக எடுத்துக்கொள்ளும் வழிக்கு, கேட்பவரை அதிகமாக மிரட்டும் கேள்வி! இதைப் பக்கத்தில் இருந்து யாராவது விளக்கினால்தான் ஆயிற்று.

மூன்றாவது, ஐபோனில் 2018 முதல் இருக்கும் குவிக் லுக் என்ற ஏ.ஆர். முன்காட்சி வசதி. தளம் பொருளின் கோப்பை மட்டும் தருகிறது. காட்டும் வேலையைக் கைப்பேசியே பார்த்துக்கொள்கிறது. தளத்தின் கைக்குக் கேமரா வருவதே இல்லை என்பதால் அது அனுமதி கேட்கவும் தேவையில்லை. என் வேலைக்கு இதுவே நிம்மதி. ஆண்ட்ராய்டில் கூகுளின் சீன் வியூவர் இதே பாணியில் இயங்குகிறது. அலமாரியின் அளவையும் நிறத்தையும் பார்க்க இவ்வளவு போதும்.

ஐபோனில் முதல் வழியைப் பின்பற்றும் தளங்கள் சில, கேமராவோடு, கைப்பேசியின் அசைவையும் சாய்வையும் அறியும் உணரிகளுக்கும் அனுமதி கேட்கும். 2019இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 13 வந்தபோது இதற்கு அனுமதி கட்டாயமானது. அதற்கு முன் தளங்கள் கேட்காமலேயே படித்துவந்த தகவல் அது. ஆகவே கேள்வியை ஒழிக்கச் சொல்லவில்லை. அது இருக்கத்தான் வேண்டும்.

என் மனக்குறை வேறு. ஒருமுறை "தடு" என்று தொட்டுவிட்டால் திரும்பி வருவதற்கான வழி எங்கோ ஒளிந்திருக்கிறது. குரோமில் ஒரு தளத்தின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மூன்று முறை மூடினால், ஒரு வாரத்துக்கு அந்தத் தளம் மறுபடி கேட்க முடியாது. தொல்லையிலிருந்து காக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தளங்கள் அந்த நிலையைச் சொல்வதில்லை. கறுப்புத் திரையைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்கின்றன. கைப்பேசி பழுது என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். முகவரிப் பட்டையின் ஓரத்தில் இருக்கும் சிறு குறியைத் தொட்டு, தளத்தின் அனுமதிகளுக்குள் போய்க் கேமராவை மாற்ற வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்? ஐபோனின் உலாவியான சஃபாரியில் இயல்பான அமைப்பு ஒவ்வொரு முறையும் கேட்பது. நடுவில் பக்கம் புதுப்பிக்கப்பட்டால் கேள்வி திரும்ப வரும், வைத்த பொருளும் இடம் மாறிவிடும்.

ஒழுங்காகச் செய்யும் தளங்களும் இருக்கின்றன. முதலில் பொருளைச் சுழற்றிப் பார்க்க விடுகிறார்கள். "உங்கள் அறையில் வைத்துப் பாருங்கள்" என்ற பொத்தானைத் தொட்டபிறகே கேட்கிறார்கள். அதற்கு மேலே, படம் சேமிக்கப்படாது என்ற விளக்கம் எளிய சொற்களில் இருக்கிறது. அப்படிப்பட்ட தளத்தில் கேள்வி வந்ததையே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தாங்களே கேட்ட ஒன்றுக்கான பதிலாக அது வருகிறது.

இப்போது எந்த இணைப்பையும் அனுப்பும் முன் என் கைப்பேசியில் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பார்க்கிறேன். தளத்துக்கு முன்பு கொடுத்த அனுமதிகள் அங்கே செல்லாது என்பதால், வாடிக்கையாளரிடம் தளம் முதல்முறை என்ன கேட்கும் என்பது தெரியும். பக்கம் திறந்ததுமே கேமராவையும் இருப்பிடத்தையும் கேட்டால், அந்தக் கடையின் அளவுகளை மட்டும் குறித்துக்கொண்டு, தரையில் காகித நாடா ஒட்டிக் காட்டிவிடுகிறேன். அல்சூர்ப் பாட்டியின் அலமாரியை அப்படித்தான் முடிவுசெய்தோம்.